நூறு டிகிரியில் நின்ற கல்யாணம்

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பினார். பெரியவர் ஒருவர் "கெட்டி மேளம்" என்று கையை உயர்த்தினார். அவ்வளவுதான், எல்லாம் இருட்டாகிவிட்டது.

"போச்சுடா!" என்றான் ஜெயப்பிரகாஷ்.

கரண்டு போகவில்லை. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் தானாக அணைந்துவிட்டது. நான்கு நாளில் இது நான்காவது தடவை. நான்கு தடவையும் அருண்குமார் தாலியைக் கையில் எடுத்ததோடு சரி, கட்டவில்லை.

"என்னாங்க, இன்னிக்கும் நின்னு போச்சா?" சமையல்கட்டிலிருந்து எழிலரசி குரல் கொடுத்தாள்.

"ஆமா. அதே எடம்."

"அந்தப் பொண்ணு பாவங்க. எத்தினி தடவதான் கழுத்த நீட்டிக்கினு உக்காந்திருக்கும்?"

ஜெயப்பிரகாஷ் கடலூர் செம்மண்டலத்து வாடகை வீட்டில் இருந்தபடியே கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பவன். வேலை முழுக்க சிதம்பரம் மேலவீதியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தில்லைநாதனிடமிருந்து வருகிறது. ஒன்பது வருஷமாக அந்த ஒரு மனிதரை நம்பித்தான் குடும்பம் ஓடுகிறது. அவன் மறுபடி கம்ப்யூட்டரைப் போடுவதற்குள் அவரே போனில் வந்துவிட்டார்.

"பிரகாசு, அருண்குமார் வீடியோ என்னாச்சு?"

"முடிஞ்ச மாதிரிதாண்ணா. தாலி கட்டுனா முடிஞ்சுது."

"அவுரு தாலி கட்டி பதினஞ்சு நாளாச்சுய்யா. ஞாயித்துக்கெழம மஸ்கட் ஃபிளைட்டு. பொண்ணுக்கு விசா வர ஆறு மாசம் ஆவுமாம். அது வரைக்கும் ரெண்டு பேரும் இதப் பாத்துத்தான் ஓட்டணும். சனிக்கெழம மத்தியானம் என் கைல இருக்கணும்."

"இருக்கும்ண்ணா."

"முடியலன்னா சொல்லிடு. பண்ருட்டில ஒருத்தரு கேட்டுக்கினே இருக்காரு. அடுத்த முகூர்த்தத்துலேர்ந்து அவருகிட்டயே குடுத்துர்றேன்."

தில்லைநாதன் கத்தினால் பயமில்லை. கத்திவிட்டு அவரே டீ வாங்கிக் கொடுப்பார். இதை அவர் மெதுவாகச் சொன்னார். ஜெயப்பிரகாஷ் சுவர்க் காலண்டரைப் பார்த்தான். அன்று செவ்வாய்க்கிழமை.

மஞ்சக்குப்பத்தில் எழிலரசியின் தம்பி ராஜ்கமல் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். மச்சான் கடை இருக்கும்போது வேறு கடைக்குப் போக முடியாது. போனால் வீட்டுக்குப் போக முடியாது.

"எழிலு, பொட்டியக் கழட்டறேன். பிளக்கப் புடுங்கு."

"ரெண்டு நிமிஷம் இருங்க, வர்றேன்" என்றாள் அவள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் பிளக் பிடுங்கப்பட்டது.

பிளக் சமையல்கட்டில் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே கதவில்லாத ஒரு வாசற்கால் இருந்தது. சமையல்கட்டுக்குப் போக வேறு வழியும் இருந்ததால், ஜெயப்பிரகாஷ் அந்த வாசற்காலை அடைத்துக் கம்ப்யூட்டர் மேசையைப் போட்டுக்கொண்டான். எழிலரசி அந்தப் பக்கம் ஒரு திரையைத் தொங்கவிட்டுக்கொண்டாள். திரைக்கு அந்தாண்ட என்ன நடக்கிறது என்று அவன் எட்டிப் பார்த்தது கிடையாது. பசித்தால் தட்டு வரும், தாகமெடுத்தால் சொம்பு வரும். சமையல்கட்டைப் பொறுத்தவரை அவனும் வெளிநாட்டில் இருக்கிற மாப்பிள்ளைதான்.

ராஜ்கமல் பெட்டியைத் திறந்து ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தான்.

"ப்ராசஸரு சூடாவுது மாமா. நூறு டிகிரி ஆச்சுன்னா, எரிஞ்சு போவாம இருக்க அதுவே ஆஃப் ஆயிடும். அதுக்கு மேல ஒரு குட்டி ஃபேனு சுத்துது பாருங்க. அது வாங்கும்போது சும்மா கூடக் குடுத்தது."

"இவ்ளோ நாளு அதுதான மச்சான் ஓடுச்சு?"

"இவ்ளோ நாளு ஓடுச்சு, இப்ப ஓடல. வயசாயிடுச்சு."

பெரிய பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே தகடு தகடாக அடுக்கிய, செங்கல் உயரத்துக்கு ஒரு சாமான். ஒரு பக்கம் ஃபேன்.

"டவர் கூலரு. சூட்ட அப்படியே இழுத்துப் பின்பக்கமா வெளிய தள்ளிடும்."

"லைட்டெல்லாம் எரியுது?"

"ஏழு கலரு எரியும்."

"எதுக்கு?"

"பாக்க குளுமையா இருக்கும் மாமா."

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயப்பிரகாஷ் சாமி கும்பிட்டுவிட்டு, வெட்டி ஒட்டியதையெல்லாம் ஒரே வீடியோவாகச் சேர்க்கும் வேலையை முதலிலிருந்து ஓடவிட்டான். ஏழு கலரும் எரிந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. இந்தக் குளிரில் ஒரு பொருள் சூடாகும் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அவன் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தான்.

வாசலில் பெண்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். எழிலரசி மூன்று வாரமாக இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்ட முதல் வாரம், மழைக்குளிரில் மாவு பொங்கவே இல்லை. அவள் அழாத குறை. அப்புறம் எப்படியோ பிடித்துக்கொண்டாள். இப்போது காலையில் அரைப்பது சாயங்காலத்துக்குள் பொங்கிவிடுகிறது, ராத்திரி அரைப்பது காலைக்கு. தெருவே தூக்குவாளியோடு வந்தது.

"எங்கூட்டு மாவு மழைல அப்படியே செத்துக் கெடக்குது. ஒனக்கு மட்டும் எப்புடிடி பொங்குது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எல்லாம் கைராசிக்கா" என்றாள் எழிலரசி.

கிரைண்டர் கழுவிக்கொண்டிருந்த பின்வீட்டுச் சின்னம்மாள் இதைக் கேட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். எழிலரசிக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வருபவள் அவள். அறுபதை நெருங்கினாலும் உரலைத் தூக்கி நகர்த்துவாள்.

கம்ப்யூட்டர் திரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நின்றார்கள். அருண்குமார் குனிந்தார். இருட்டு.

ஜெயப்பிரகாஷ் கம்ப்யூட்டரை முறைத்தான். நேற்று தாலி வரைக்கும் போனது. இன்று மாலை மாற்றுவதோடு சரி. நல்ல கூலர் போட்டதற்கு இது கூலி.

ராஜ்கமலுக்குப் போன் போட்டான். "மச்சான், கல்யாணம் பின்னாடி போவுது."

"நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. நானே வந்து பாக்குறேன்."

தம்பி வருகிறான் என்றதும் எழிலரசி சமையல்கட்டை ஒழித்து, பெருக்கி, கோலம் போடாத குறையாக வைத்தாள். ராஜ்கமல் வந்தான். ஹாலிலும் பார்த்தான், சமையல்கட்டுப் பக்கம் திரையை விலக்கியும் பார்த்தான். அங்கே துடைத்துவிட்ட தரையும் ஒரு பிளக்கும்தான் இருந்தன.

"மேசதான் மாமா வில்லன். பின்பலக அடச்சிக்கினு இருக்கு. கூலரு தள்ளுற சூடு எங்க போவும்? பலகயில மோதித் திரும்பி வருது."

ஜெயப்பிரகாஷுக்கு அது சரியாகப் பட்டது. ஆசாரியைக் கூப்பிட்டுப் பின்பலகையை அறுத்து எடுத்தார்கள். பலகை போனதும் ராஜ்கமலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இனி ஒற்றை டவர் எதற்கு, ரெட்டை டவரே போட்டுவிடலாம் என்றான். ரெட்டை டவர் பழைய பெட்டிக்குள் நுழையவில்லை, பெரிய பெட்டி வந்தது. பெரிய பெட்டி மேசைக்குள் நுழையவில்லை, ஆசாரி மறுபடி ரம்பத்தை எடுத்தார். ஒரு விசிறி மாற்றப் போய் வீட்டில் பாதி மாறிவிட்டது.

ஓட்டிப் பார்த்தார்கள். ஐம்பத்தைந்து டிகிரி. சமையல்கட்டுப் பக்கம் போய்த் திரையில் கையை வைத்துப் பார்த்தான் ராஜ்கமல். சூடான காற்று வாசற்கால் வழியாகச் சீறிக்கொண்டு வந்தது.

"பாருக்கா, எப்புடி வருது பாரு!"

"நல்லா வருதுடா தம்பி" என்றாள் எழிலரசி. முகமெல்லாம் பூரிப்பு. தம்பிக்கு ஒரு டப்பா மாவு கொடுத்து அனுப்பினாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்த இட்லியை ஜெயப்பிரகாஷ் தொட்டுப் பார்த்தான். விரல் உள்ளே போனது.

"எழிலு, நம்ம கல்யாணத்துலகூட இப்படி ஒரு இட்லி போடல."

"மாவு இன்னிக்கி மூடியத் தள்ளிக்கினு பொங்கிடுச்சுங்க. ஜாஸ்தி கேக்குறாங்க. நாளைலேர்ந்து மூணு குண்டான் அரைக்கப் போறேன்."

"பொறந்த நேரம் பாரு, ஒனக்கு எல்லாம் பொங்குது. எனக்கு எல்லாம் அணையுது."

வியாழக்கிழமை கல்யாணம் பெண்ணழைப்போடு நின்றது. பெண் காரிலிருந்து ஒரு காலை மட்டும் இறக்கியிருந்தாள்.

ராஜ்கமல் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அப்புறம் பெரிய டாக்டரிடம் அனுப்பும் சின்ன டாக்டர் மாதிரி குரலைத் தாழ்த்தினான்.

"இனிமே ஒண்ணுதான் மாமா பாக்கி. லிக்விட் கூலரு."

"அப்புடின்னா?"

"ப்ராசஸரு மேல தண்ணி ஓடும். குழா வழியா சூட்ட எடுத்துக்கினு பின்பக்கம் வந்து வெளிய ஊதிடும்."

திரைக்கு அந்தாண்டயிருந்து எழிலரசி கேட்டாள்: "கம்ப்யூட்டருக்குள்ள தண்ணியா? வெளிய பெய்யிறது போதாதா?" பிறகு கொஞ்சம் யோசித்து, "பின்பக்கந்தான ஊதும்?" என்றாள்.

"ஆமா."

"அப்ப செரி."

பெண்டாட்டிக்கும் தொழில்நுட்பம் பிடிபடுகிறதே என்று ஜெயப்பிரகாஷுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

லிக்விட் கூலர் வந்து உட்கார்ந்தது. ரெண்டு குழாயும் மூணு விசிறியுமாகப் பெட்டிக்குள் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. ராஜ்கமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கடையைப் பார்க்கப் போய்விட்டான். ஜெயப்பிரகாஷ் கட்டளையைக் கொடுத்துவிட்டு கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது விநாயகர் வந்திருந்தார். "அருண்குமார் – இலக்கியா திருமண விழா" என்று பொன் எழுத்து மின்னியது. மாப்பிள்ளை வீட்டு வாசலில் வாழைமரம் தெரிந்தது. இருட்டு.

இருக்கிறதிலேயே உசத்தியான கூலர் போட்ட அன்று மாப்பிள்ளை வீட்டை விட்டே கிளம்பவில்லை.

ஜெயப்பிரகாஷுக்கு அழுகை வந்தது. ஒன்பது வருஷம். எத்தனை பேர் வீட்டுத் தாலியை அவன் கட்டவைத்திருக்கிறான். எத்தனை மாமியார் முறைப்பை வெட்டி எறிந்து சம்பந்திகளைச் சேர்த்துவைத்திருக்கிறான். எல்லாம் பண்ருட்டிக்காரர் கைக்குப் போகப்போகிறது. அவருக்கு மாமியாரை எந்த இடத்தில் வெட்டவேண்டும் என்று தெரியுமா?

எழிலரசி பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள். "சாப்புடுங்க மொதல்ல. பட்டினி கெடந்தா சூடு கொறையுமா?"

"நாளைக்கி காலைல பொட்டியத் தூக்கிக்கினு சிதம்பரம் போறேன் எழிலு. அண்ணன் கால்ல உழுந்தாவது, அவரு எதிர்லயே ஓட்டிக் காட்டறேன். நின்னா அவரே பாக்கட்டும், என் தப்பு இல்லன்னு."

எழிலரசியின் முகம் மாறியது. "பொட்டியவா? எப்ப வருவீங்க?"

"சனிக்கெழம வந்துருவேன்."

"ரெண்டு நாளா!" அவள் திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "நீங்க ஒரு நாளு முன்னப்பின்ன வந்தாகூட பரவால்லங்க. பொட்டி பத்திரம். யாரு கேட்டாலும் அங்க உட்டுட்டு வராதீங்க."

தன் தொழில்மேல் அவளுக்கு இவ்வளவு பற்றா என்று அவனுக்கு மனசு இளகிவிட்டது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினான். பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தான். கண்டக்டர் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, காய்ச்சல். நூறு."

மேலவீதி ஸ்டுடியோவின் பின்னறையில் ஏசி கிடையாது. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் ஊறிப்போய்த் திறக்காது. தில்லைநாதன் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். ஜெயப்பிரகாஷ் ஓடவிட்டான்.

விநாயகர் வந்தார். வாழைமரம் வந்தது. மாப்பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பினார். பெண் காரிலிருந்து இரண்டு காலையும் இறக்கினாள். மாலை மாறியது. ஜெயப்பிரகாஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பினார். பெரியவர் கையை உயர்த்தினார். அருண்குமார் தாலி கட்டினார். ஒரு முடிச்சு, இரண்டு, மூன்றாவதை நாத்தனார் போட்டாள்.

ஐம்பத்தெட்டு டிகிரி.

அந்தக் கல்யாணத்துக்கு நேரில் போனவர்கள்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டார்கள். ஜெயப்பிரகாஷ் எழுந்து தில்லைநாதனைக் கட்டிக்கொண்டான்.

"நல்லாத்தானய்யா ஓடுது!" என்றார் அவர்.

"எனக்கே புரியலண்ணா."

சந்தேகம் தீர வேறு இரண்டு கல்யாணத்தையும் ஒரு காதுகுத்தையும் ஓட்டிப் பார்த்தார்கள். எதுவும் நிற்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அருண்குமாரும் இலக்கியாவும் வந்தார்கள். தாலி கட்டும் இடத்தை மட்டும் போடச்சொல்லி நின்றபடியே பார்த்தார்கள்.

"அன்னிக்கி பொகைல எனக்கு ஒண்ணும் தெரியலண்ணா. இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் அந்தப் பெண். பார்க்கும்போதே கண் கலங்கினாள். அருண்குமார் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டு, பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவர்கள் போனபின் தில்லைநாதன் டீ வாங்கிக் கொடுத்தார்.

"பிரகாசு, ஒனக்கு அந்த வீடு ஆவல. வேற ஒண்ணும் இல்ல. சில எடம் அப்பிடித்தான். மாடில போர்ஷன் காலியாத்தான் கெடக்கு. தை பொறந்ததும் குடும்பத்தோட வந்துரு."

பெட்டியின் முதுகைத் தொட்டுப் பார்த்தான் ஜெயப்பிரகாஷ். வெதுவெதுப்புகூட இல்லை. கடலூரில் கொதிக்கிற பொருள் சிதம்பரத்தில் குளிர்கிறது என்றால் வேறென்ன சொல்வது? "வந்துர்றேண்ணா" என்றான்.

திரும்பும் பஸ்ஸில்தான் எழிலரசியின் நினைவு வந்தது. தெருவே தேடி வருகிற மாவு. மூன்று குண்டான். சிதம்பரத்தில் போய் அவள் முதலிலிருந்து தொடங்கவேண்டும். கைராசி இருக்கிறதே, எங்கே போனாலும் பொங்கும் என்று தனக்குத்தானே தேற்றிக்கொண்டான். இருந்தாலும் அவளிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான்.

ஆட்டோவிலிருந்து இறங்கினால் வாசலில் கூட்டம். ஏழெட்டுப் பெண்கள் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் தட்டு, தட்டில் நான்கு இட்லி. ஒன்றை எடுத்துச் சுவரில் தட்டிக் காட்டினாள். டொக் என்றது. நடுவில் எழிலரசி முகம் வீங்கி, கண் சிவந்து நின்றாள். இரண்டு நாள் பிரிந்ததற்கே இப்படியா என்று நினைத்துக்கொண்டான் ஜெயப்பிரகாஷ். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், போர்வை சுற்றிய பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி கொட்டிவிட்டான்.

"எழிலு, வீடியோவ குடுத்துட்டேன். அண்ணன் வேலைய மாத்தல. ஆனா நாம சிதம்பரத்துக்கே போயிடலாம். இந்த வீடு கம்ப்யூட்டருக்கு ஆவல. அங்க ஐஸ் மாதிரி ஓடுது. இங்க வெச்சா மட்டும் சூடு எங்கேர்ந்து ஏறுதுன்னே தெரியல."

எழிலரசி வாயைத் திறப்பதற்குள் சின்னம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"கதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் தம்பி, மொதல்ல இத பழைய எடத்துல வெச்சு ஓட உடு, மூணு குண்டானையும் இதோட முதுகுல ஒட்டி வெச்சு அடச்சாத்தான் மாவு பொங்குது, ரெண்டு நாளா தெருவே கல்லத் தின்னுக்கினு கெடக்கு!"